செருப்புப் போட்டு வரவும்

தாராவிக்குள் நடக்க இப்போது முன்பதிவு செய்ய வேண்டும். பணம் கட்டியதும் செல்போனில் விதிகள் வந்து விழுகின்றன. மூடிய செருப்புப் போட்டு வரவும், சந்துகள் ஈரமாக இருக்கும். படம் எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு மிட்டாயோ பணமோ கொடுக்க வேண்டாம். எந்த இடத்திலும் மூக்கைப் பொத்த வேண்டாம், வேலை செய்கிறவர்கள் மனம் நோகும். மாஹிம் ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிஷம் முன்னதாக வந்து நிற்கவும்.

மகள் இதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஐரோலியில் ஐடி வேலை. இத்தாலியில் அவளோடு வேலை பார்த்த ஒரு தம்பதி பம்பாய் பார்க்க வந்திருந்தார்கள். கேட்வே ஆயிற்று, எலிஃபென்டா ஆயிற்று, பாக்கி தாராவி. அவர்கள் நாலு பேருக்குத் தனிச் சுற்றாக எடுத்திருந்தார்கள். "அப்பா, நீங்களும் வாங்க. உங்களுக்கு அந்த ஏரியா கொஞ்சம் தெரியும்ல?" என்றாள்.

கொஞ்சம் தெரியும். கல்யாணமாகிச் சில வருஷம் வரைக்கும் என் ரேஷன் கார்டு அந்த ஏரியாவில்தான் இருந்தது.

என்னைத் தாராவிக்குள் முதன்முதலில் கூட்டிக்கொண்டு நடந்தவர் பெரியப்பா. எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் முந்தி. திருநெல்வேலியில் மீட்டர்கேஜ் வண்டி ஏறி எழும்பூர், அங்கேயிருந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல், பம்பாய் மெயில், தாதரில் இறக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் தாதரில் பெரியப்பா நிற்பார். தபால் கார்டு ஒன்று முந்திப் போயிருந்தால் போதும். அதுவும் தனிச் சுற்றுதான். ஒரு ஆளுக்கு ஒரு வழிகாட்டி. கட்டணம், ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி.

அவருடைய சுற்றில் முதல் நிறுத்தம் செருப்புக் கடை. கடை என்றால் நடைபாதையில் விரித்த சாக்கு. எனக்கு ஒரு ஜோடி வாங்கி, காலில் மாட்டச் சொல்லி, "போட்டுக்கிட்டே நடலே. இங்கன எந்தத் தெருவுலயும் கழத்தச் சொல்ல ஆள் கெடையாது" என்றார். ஊரில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய தெரு ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் மேற்கொண்டு பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது.

பிறகு விதிகள். அவரிடமும் விதிகள் இருந்தன, வாட்ஸ்அப் இல்லாததால் நடந்துகொண்டே சொன்னார். சாரத்தைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போகாதே. 1966-ல் தொடங்கிய சிவசேனா, லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம் போட்ட சூடு அப்போது முழுக்க ஆறியிருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மனப்பாடம் பண்ணிக்கொள், சாமி கும்பிடுகிற நேரத்தை அப்புறம் பார்க்கலாம். போலீஸ்காரன் மராத்தியில் கேட்டால் "மாஹித் நாஹி" என்று மட்டும் சொல். மூக்கைப் பொத்தாதே, ஊருக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவான்.

ஐம்பது வருஷ இடைவெளியில் இரண்டு வழிகாட்டிகளும் ஒத்துப்போன ஒரே விதி இந்த மூக்கு விதிதான். காரணம் மட்டும் மாறிவிட்டது.

முக்கியமான விதியைக் கடைசியில் சொன்னார். "வேல கேக்கப் போற எடத்துல தாராவின்னு வாயத் தெறக்காத. சயான்னு சொல்லு. கொஞ்சம் பெரிய எடமா இருந்தா மாட்டுங்கான்னு சொல்லு." சயான், மாட்டுங்கா, மாஹிம் மூன்றும் தாராவிக்கு வேலி மாதிரி நிற்கிற ஊர்கள். எந்த வேலியைச் சொன்னாலும் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. பின்னாளில் செம்பூரில் பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார்: "சயான்ல எங்க?" ஸ்டேஷனுக்குப் பக்கம் என்றேன். "எந்தப் பக்கம்?" மேற்கே என்றேன். மனுஷருக்குத் தெரிந்த வரைபடத்தில் சயானுக்கு மேற்கே ஒன்றுதான் இருந்தது, தாராவி. ஆனாலும் கொடுத்தார். அவர் சொந்தமாக விசாரித்து வைத்திருந்தார் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மாட்டுங்காவுக்கு நீட்டிக்கப்பட்ட சுற்று நடத்துவார். கிங்ஸ் சர்க்கிள், பூக்காரர்களின் சந்து, கோயில்கள், 1932-ல் தென்னிந்தியர்கள் கல்விக்காகத் தொடங்கிய சங்கத்தின் பள்ளி. இட்லிக் கடைகளின் வாசல் வரை காட்டுவார். உள்ளே போவதற்குத் தனியாகக் காசு வேண்டும். "இங்க நம்ம பாஷைதான் பேசுவாங்க. ஆனா நீ மெதுவாப் பேசு" என்றார். குமாஸ்தாத் தமிழுக்கும் தோல் கிடங்குத் தமிழுக்கும் நடுவே ஒரு ரயில்பாதைதான் ஓடியது. இன்றைக்கு மாட்டுங்காவிலும் காலை நடை நடத்துகிறார்கள், ஃபில்டர் காபியில் தொடங்கி ஃபில்டர் காபியில் முடிகிறது.

பெரியப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். தாராவியில் அந்தத் தொழில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் கொண்டுவந்தார்கள், எங்கள் ஆட்கள் உழைத்தார்கள். பாந்த்ராவிலிருந்த கசாப்புக்கூடம் 1971-ல் தேவனாருக்குப் போனதிலிருந்து தோல் வரத்து பற்றிப் புலம்பல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்தாலும் அந்த வாடை குளிக்காது. லோக்கல் ரயிலில் அவருக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும், இரண்டு பக்கமும் காலியாக. அதை அவர் ஒரு வசதியாகவே சொல்லுவார்.

படம் எடுக்க வேண்டாம் என்ற விதி அவரிடம் இல்லை, எடுக்க ஆள் இல்லாததால். எங்களை முதலில் படம் எடுத்தது சர்க்கார். 1976 ஜனவரியில் பம்பாய்க் குடிசைகளையெல்லாம் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். குடும்பத்தோடு படம் எடுத்து போட்டோ பாஸ் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். பெரியம்மா அதற்காகக் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அட்டை இருந்தால் இடித்தாலும் வேறு இடம் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அரிசிப் பானைக்குள் பல வருஷம் இருந்தது.

அப்புறம் சினிமா வந்தது. 1987-ல் 'நாயகன்' ஓடியபோது ஊருக்குப் போனால் கமலைத் தெரியுமா என்று கேட்டார்கள். 2009-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் வாங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 2006-ல், ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனம் தாராவியில் நடைச் சுற்றைத் தொடங்கியிருந்தது. பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். 2019-ல் ட்ரிப்அட்வைசர் கணக்கில் இந்தியாவில் பயணிகள் விரும்பிய அனுபவங்களில் தாராவிச் சுற்று தாஜ்மஹாலையே முந்திவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஷாஜகானுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பாரோ, பெரியப்பா நம்பியிருக்க மாட்டார்.

வறுமையைக் காட்டிக் காசு பண்ணுகிறார்கள் என்று இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. ரியோவின் குன்றுக் குடிசைகளிலும் இதே வியாபாரம் 1990களிலிருந்து நடக்கிறது, அங்கேயும் இதே சண்டை. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. யாரும் பார்க்க வராத காலத்தில் எங்கள் மானம் பத்திரமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நானும் ஒருமுறை வழிகாட்டியின் பின்னால் நடந்தவன்தான். மகள் இத்தாலியில் இருந்தபோது என்னையும் மனைவியையும் ஃபுளோரன்ஸுக்கு வரவழைத்திருந்தாள். "நீங்களாச் சுத்தினா ஒண்ணும் புரியாது" என்று ஒரு வழிகாட்டி அம்மாவையும் அரை நாளுக்கு அமர்த்தியிருந்தாள். அங்கே வழிகாட்டிக்கு அரசாங்க உரிமம் வேண்டும். அந்த அம்மாள் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்றாள். என் மனைவிக்கு மூட்டு வலி. கல் இல்லாத இடமாகப் பார்த்து நிற்கக்கூடாதா என்று என்னிடம் தமிழில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆர்னோ நதிமேல் பழைய பாலம் ஒன்று, இரண்டு ஓரமும் நகைக்கடைகள். முன்பு அவையெல்லாம் கசாப்புக் கடைகளாம். கழிவு நேராக ஆற்றுக்கு. அந்தக் கடைகளுக்கு மேலேயே ஆளும் மேடிச்சி குடும்பம் அரண்மனைக்கு அரண்மனை நடந்து போக மூடிய நடைபாதை ஒன்று 1565-ல் கட்டிக்கொண்டது. கீழே இருக்கிற நாற்றம் மேலே வராமல் இருக்குமா? 1593-ல் பெர்டினாண்டோ பிரபு கசாப்புக்காரர்களைக் கிளப்பிவிட்டுத் தட்டான்களைக் குடிவைத்தார். மூக்கைப் பொத்த அவசியமே வராதபடி பார்த்துக்கொள்ளப் பிரபுக்களுக்கு வழி இருக்கிறது.

அடுத்து சாந்தா குரோச்சே தேவாலயம். அதைச் சுற்றிய பேட்டை ஒரு காலத்தில் தோல் பதனிடுகிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் இருந்த இடம், தெருப் பெயர்களில் இன்னும் இருக்கிறார்கள். தேவாலயத்தின் பின்கட்டில் தோல் பள்ளி ஒன்று. உலகப்போரில் அனாதையான பையன்களுக்குத் தொழில் கற்றுத்தர, 1950-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் இரண்டு தோல் வியாபாரக் குடும்பங்களோடு சேர்ந்து தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் வழிகாட்டி அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்து, எங்களையும் இழுக்கச் சொன்னாள். அசல் தோல் வாசனை, இதை அனுபவிக்கத்தான் உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள் என்றாள்.

இழுத்தேன். லோக்கல் ரயிலில் இரண்டு பக்கமும் காலியாக உட்கார்ந்திருந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார். மனைவி ஒரு பர்ஸைக் கையில் எடுத்து, யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, குழந்தையைக் கிடத்துகிற பக்குவத்தில் திரும்ப வைத்தாள்.

கடைசியாக ரெப்புப்ளிக்கா என்ற பெரிய சதுக்கம், ஒரு பெரிய வளைவு. அங்கே பழைய சந்தையும் யூதர் குடியிருப்பும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தனவாம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சுகாதாரம், நாகரிகம் என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டிவிட்டு, காபி கடைகளுக்கு ஏற்ற சதுக்கமாக்கினார்கள். நகரின் பழைய நடுப்பகுதியை நூற்றாண்டுகளின் அழுக்கிலிருந்து மீட்டுப் புதுவாழ்வு கொடுத்தோம் என்று 1895-ல் வளைவின் உச்சியில் பொறித்தும் வைத்தார்கள். அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். நகரத்தின் ஓரங்களுக்கு என்றாள். அந்தப் பதில் வளைவில் இல்லை.

தாராவிச் சுற்றுக்கு வருகிறேன். எங்கள் வழிகாட்டி கல்லூரியில் படிக்கிற பையன், தாராவியிலேயே பிறந்தவன். ஆங்கிலம் சரளம், இத்தாலியர்களிடம் "பியானோ, பியானோ" (மெதுவா, மெதுவா) என்று படி இறங்கும்போது எச்சரிக்கிற அளவுக்கு இத்தாலியனும். மாஹிமில் ரயில்பாதை மேம்பாலம் தாண்டி 13 கம்பவுண்டுக்குள் நுழைந்தோம். பம்பாய் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கெல்லாம் இங்கே வந்து இறங்குகிறது. நிறம் பிரித்து, தரம் பிரித்து (சிலர் கையில் தட்டி ஓசையை வைத்தே ரகம் சொல்லிவிடுகிறார்கள்), அரவை மிஷினில் நொறுக்கி, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கி, மணிமணியாக வெட்டி மூட்டை கட்டுகிறார்கள். நெளிந்த எண்ணெய் டின்கள் கொதிநீரில் குளித்துத் தட்டி நிமிர்த்தப்பட்டுத் திரும்ப வேலைக்குப் போகின்றன. கூரைமேல் ஏறி நின்றபோது பையன் கையை வீசிச் சொன்னான்: சுமார் 600 ஏக்கர், பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம், வருஷ வியாபாரம் நூறு கோடி டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். நாங்கள் இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் தண்ணீர் வரிசையில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்போம்.

நன்றாகத்தான் சொன்னான். ஆனால் அவன் காட்டியது ஒரு தொழிற்பேட்டை. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைப் புகை, கவிழ்த்த கூடைமேல் காய்கிற அப்பளம், தோல் பை ஷோரூம், முடிந்தது. 90 அடி ரோட்டில் ஆதிதிராவிட மகாஜன சங்கத்தார் வைத்த பிள்ளையார் கோயில், பொங்கலன்று அங்கே நடுத்தெருவில் வரிசையாகப் பெண்கள் பானை ஏற்றுவது, விடியற்காலையில் ஆவி பறக்கும் இட்லிப் பானையோடு நகரமெல்லாம் கிளம்புகிற சைக்கிள்காரர்கள், இதெல்லாம் வழித்தடத்தில் இல்லை. உழைக்கிறவனைக் காட்டினால் பயணி மதிக்கிறான், கும்பிடுகிறவனும் சண்டை போடுகிறவனும் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல.

"காலா கில்லா போகலையா தம்பி?" என்று கேட்டேன்.

பையன் முகத்தில் முதல் தடவையாகத் தடுமாற்றம். "பஸ் டிப்போவா அங்கிள்?"

டிப்போவுக்குப் பெயர் கொடுத்த கோட்டையைத்தான் கேட்டேன். மித்தி ஆற்றங்கரையில் ஆங்கிலேயர்கள் கட்டிய காவல் கோட்டை. கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737-ல் கட்டப்பட்டது என்று கல்வெட்டே இருக்கிறது. வடக்கே சால்செட்டில் மராட்டியர்கள் போர்ச்சுகீசியர்மேல் பாய்ந்த வருஷம் அது. ஆங்கிலேயருக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நாங்கள் அதன் இருட்டுக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறோம். ஃபுளோரன்ஸில் அந்த மாதிரி ஒரு கல் இருந்தால் அந்த அம்மாள் கால் மணி நேரம் நின்றிருப்பாள். "ஃபாரினர்ஸுக்கு ரீசைக்ளிங்தான் புடிக்கும் அங்கிள். கோட்டை அவங்க ஊர்லயே நெறய இருக்கு" என்றான். மறுக்க முடியவில்லை.

ஒரு சந்தில், ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு போகிற இருட்டில், பையன் ஒரு வாசலைக் காட்டினான். இதுதான் இங்கே வழக்கமான கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பத்து, இதில் ஆறேழு பேர் இருப்பார்கள் என்றான்.

"பத்துக்குப் பன்னெண்டு. ஒம்பது பேர் இருந்தோம்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதே வாசல் இல்லை, இரண்டு சந்து தள்ளி.

அதற்கப்புறம் பையன் பேசியதை யாரும் கேட்கவில்லை. இத்தாலியப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே தூங்கினீர்கள், எங்கே படித்தீர்கள், கழிவறைக்கு எவ்வளவு தூரம். எந்த முகவரியைச் சொன்னால் வேலை போகும், பெண் கிடைக்காது என்று பெரியப்பா பயந்தாரோ, அதைச் சொன்னதற்கு எனக்கு ஒரு பட்டம் கொடுத்த மாதிரி பார்த்தார்கள். கணவர் செல்போனை எடுத்து என்னை வாசலோரமாக நிற்கச் சொன்னார். பையன் பணிவாகத் தடுத்தான்: இங்கே குடியிருப்பவர்களைப் படம் எடுக்கக்கூடாது, கம்பெனி விதி.

"இவர் குடியிருப்பவர் இல்லை. கோபர்கைரனேக்காரர்" என்றாள் என் மகள்.

படம் எடுக்கப்பட்டது. பிறகு பையன் என்னிடம் தமிழில், "நமக்கும் திருநெல்வேலி சைடுதான் அங்கிள், தாத்தா காலத்துல வந்தது. மொதல்லயே சொல்லிருந்தா நீங்களே கைடு பண்ணிருக்கலாமே" என்றான். அவன் ஊரை அவன் பார்த்ததில்லை.

சுவர்களில் பெயிண்டால் எழுதிய எண்கள் எதற்கு என்று கணவர் கேட்டார். மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு. 2022-ல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த திட்டம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று உள்ளவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு, மற்றவர்களுக்கு விதிகளைப் பொறுத்து வேறு எங்காவது. கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் இத்தாலியனில் ஏதோ சொன்னார், எனக்கு "ரெப்புப்ளிக்கா" என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அந்த வளைவில் எழுதியிருப்பது அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழி அது என்றார்.

ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். தாராவியை விட்டு நாங்கள் நவி மும்பையின் கோபர்கைரனேக்கு வந்தபோது இங்கே ரயில் கிடையாது, வாஷியில் இறங்கிப் பஸ். ஸ்டேஷன் 2004-ல்தான் திறந்தது. ஆனால் முகவரி சுத்தமாக இருந்தது: செக்டர், பிளாட், பில்டிங், எல்லாம் எண். நகர் கட்டும் அரசுக் கழகமான சிட்கோ காகிதத்தில் அளவுகோல் வைத்துப் போட்ட ஊர். சயான் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத முதல் முகவரி அது.

சாப்பிட்டபின் அவர்களுக்கு நடக்க வேண்டுமாம். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். யோசித்தேன். மனைவி பூங்காவைச் சொன்னாள், மகள் டிமார்ட்டைச் சொன்னாள். செக்டர்களைக் கடந்து நடந்தோம். எல்லா பில்டிங்கும் பக்கத்து பில்டிங்கைப் பார்த்து எழுதிய பரீட்சை. திடீரென்று ரோடு சுருங்கியது. கட்டடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, ஒற்றைப் பைக் போகிற சந்து, தலைக்குமேல் ஒயர்க் கொத்து, வாசலில் மீன் கழுவிய தண்ணீர். பழைய கோபர்கைரனே கிராமம். ஆக்ரி, கோலிச் சமூகத்தார் நெல்லும் உப்பும் மீனுமாக இருந்த நிலத்தைத்தான் சிட்கோ கையகப்படுத்தி நவி மும்பை கட்டியது. 1984 ஜனவரியில் ஜாசய் பக்கம் தி. பா. பாட்டீல் தலைமையில் விவசாயிகள் எழுந்தபோது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதம் திருப்பித் தருவதாக ஏற்பாடு வந்தது. கிராமம் மட்டும் அளவுகோலுக்குள் அடங்காமல் செக்டர்களுக்கு நடுவே இப்படி நிற்கிறது.

இத்தாலியர்கள் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சந்துக்குள் காலெடுத்து வைத்தார்கள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்னு சொல்லுங்க. அது ஒரு மாதிரி ஏரியா" என்றாள் என் மனைவி என் காதில், செம்பூர் மாமனாரின் குரலில்.

கணவர் திரும்பி, இங்கே நடைச் சுற்றுக்கு யாரிடம் முன்பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். இந்த ஊருக்கு இன்னும் யாரும் டிக்கெட் போடவில்லை, வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.